வெட்டுக் கணக்கப்பிள்ளையும் வெட்டில்லாத விசிறியும்

கேட்டதில் பாதியை மட்டும் நம்புகிறவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. ஆனால் சூரியன் ஆறு மணிக்கு உதித்தது என்று சொன்னால்கூட, "வெட்டு போக அஞ்சே முக்கால்னு வச்சுக்குங்க" என்று சொல்லக்கூடிய ஜீவன் இந்தப் பூமியில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது. அது எங்கள் பூனைமலைத் தோட்டத்து வெட்டுக் கணக்கப்பிள்ளை.

அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று அவருக்கு இருந்திருக்க வேண்டும். சம்பள நாளில் அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்க்கமாட்டார். "வெட்டு" என்று யாராவது தொழிலாளர் குடியிருக்கும் லயத்து மூலையில் முணுமுணுத்தால் மட்டும் காக்கிக் கோட்டும் தொப்பியுமாக எங்கிருந்தோ வந்து நிற்பார்.

தேயிலைத் தோட்டத்துக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கொழுந்து பறிக்கும் பெண்கள் கூடையைக் கொண்டுவந்து தராசில் மாட்டுவார்கள். முள் இருபது ராத்தல் காட்டும். கூடையின் எடைக்கு ஒன்று, கொழுந்தில் ஒட்டியிருக்கும் தண்ணீருக்கு ஒன்று என்று ரெண்டு ராத்தலைக் கழித்துவிட்டு, "பதினெட்டு!" என்று கணக்கப்பிள்ளை கத்துவார். இதற்குப் பெயர்தான் வெட்டு. எல்லாத் தோட்டத்திலும் இந்த வழக்கம் உண்டு. ஹட்டன் பக்கம் பெய்கிற மழைக்குத் தண்ணீருக்கு ஒரு ராத்தல் வெட்டுவதில் ஏதோ கொஞ்சம் நியாயமும் உண்டு. நம் ஆள் மாசி மாத வெயிலில், கொழுந்து கையில் நொறுங்குகிற நாளிலும் வெட்டுவார். ஏன் என்று கேட்டால், "காத்துல ஈரம் இருக்கில்ல?" என்பார்.

வெட்டி வெட்டி அது கையை விட்டு மூளைக்கு ஏறிவிட்டது. ஒருமுறை அவருக்கே காய்ச்சல். தோட்டத்து மருந்துக்காரர் இவர் வாயில் கண்ணாடிக் குழலை வைத்துப் பார்த்து, "நூத்தி மூணு" என்றார். இவர் படுத்தபடியே, "கண்ணாடி எடையைக் கழிச்சீங்களா?" என்று கேட்டார். பெரிய கங்காணி இறந்த வீட்டில் ஒப்பாரி வைத்த அம்மா, "எம்பது வருசம் வாழ்ந்த ராசாவே" என்று மார்பில் அடித்துக்கொண்டபோது, பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்ற இவர், "எழுபத்தெட்டு" என்றார், மெதுவாகத்தான். ஒப்பாரி அப்படியே நின்றது. அந்த அம்மா இவரை ஒரு முறை முறைத்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, "எழுபத்தெட்டு வருசம் வாழ்ந்த ராசாவே" என்று மறுபடி ஆரம்பித்தாள். தராசுக்கு முன்னால் நின்று பழகிய பயம் சாவு வீட்டிலும் விடவில்லை.

நான் அப்போது அந்தத் தோட்டத்தில் சின்னக் கிளாக்கர். சாயந்தர நிறுவையில் அவர் பக்கத்தில் நின்று, அவர் கத்துவதை எழுதுவது என் வேலை. ஒரு நாளைக்கு இத்தனை ராத்தல் என்று தோட்டத்தை நடத்தும் துரை ஒரு அளவு வைத்திருப்பார். அதை எட்டினால் அந்தப் பெண்ணுக்கு முழுப் பேர், அதாவது முழு நாள் வேலை. எட்டாவிட்டால் அரைப் பேர். ராக்கம்மா என்று ஒரு பெண் இருந்தாள். பறிப்பதிலும் பேசுவதிலும் அவளை அடிக்க ஆள் கிடையாது. அவள் மகள் செல்லாயிக்கு அது ஏழாம் மாதம். மலையில் குனிந்து நிமிர முடியாமல் அந்தப் பிள்ளை பறித்துக்கொண்டு வரும் கொழுந்து, தராசில் மாட்டும்போது சரியாக அளவைத் தொடும். வெட்டு விழும். ரெண்டு ராத்தலில் அரைப் பேர் ஆகிவிடும். அநேகமாகத் தினமும் இதுதான். செல்லாயி ஒன்றும் சொல்லாமல் கூடையை எடுத்துக்கொண்டு போவாள். எனக்குப் பேனா பிடித்த கை கூசும்.

"அய்யா, வயித்துல உள்ளதையும் சேத்து நிறுத்துப் பாருங்கய்யா, சரியா வரும்" என்பாள் ராக்கம்மா.

"வயித்துக்கும் வெட்டு உண்டு. தள்ளு, அடுத்த ஆளு!"

அந்த வருஷம்தான் காசல்ரீ அணை கட்டி முடிந்து தண்ணீர் ஏறியது. எங்கள் பள்ளத்தாக்கில் ஆறு இருந்த இடம், வயல் இருந்த இடம், ஏழாம் நம்பர் மலை என்கிற தேயிலைச் சரிவு இருந்த இடம் எல்லாம் ஒரே தண்ணீர். காலையில் ஆள் பிரித்து வேலைக்கு அனுப்பும் பெரட்டுக்களத்து வாசல் வரைக்கும் அலை வந்து தட்டியது. ஏழாம் நம்பர் மலை வெட்டுக் கணக்கப்பிள்ளையின் மலை. மலை முழுகிப்போனது, கணக்கப்பிள்ளை மட்டும் மிச்சம். அவரை என்ன செய்வதென்று தெரியாமல் துரை, தான் புதிதாக வாங்கிய மோட்டார்ப் படகைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டார். காலையில் படகு, சாயந்தரம் தராசு.

படகு என்றால் சும்மா இல்லை. பின்பலகையில் மாட்டுகிற பெரிய மோட்டார், அடியில் பளபளவென்று மூன்று இதழ் விசிறி, எத்தனை சுற்றுச் சுற்றுகிறது என்று காட்ட முன்னால் ஒரு வட்டக் கண்ணாடி. கரையில் நிற்கும்போதே ஓடுகிற மாதிரி இருக்கும். ஆனால் எதிர்க்கரைத் தோட்டத்துத் துரையிடமும் ஒரு படகு இருந்தது. ஞாயிற்றுக்கிழமை தோறும் அது எங்கள் துரையின் படகை முந்திக்கொண்டு போய், போகிற போக்கில் தண்ணீரை வாரி அவர் தொப்பியில் ஊற்றிவிட்டுப் போகும்.

எங்கள் துரைக்குத் தமிழ் தெரியும். அவருடைய தமிழில் எல்லாரும் "நீ", எல்லாமே "அது". ஒரு நாள் ஈரத் தொப்பியைப் பிழிந்துகொண்டே கணக்கப்பிள்ளைக்குப் படகின், அவர் வாயில் "போட்டின்", சங்கதியை விளக்கினார்.

"நீ பாரு, கணக்கப்புள்ள. திருகாணி மரத்துல சுத்தினா உள்ள போறது. ஒரு சுத்துக்கு இவ்வளவு. விசிறியும் அதுதான். ஒரு சுத்துக்குப் போட்டு இவ்வளவு போகணும். ஆனா தண்ணி மரம் இல்லே. தண்ணி நழுவுறது. போட்டு கொஞ்சம் கம்மி போறது. அதுக்குப் பேரு ஸ்லிப்பு."

கணக்கப்பிள்ளை தண்ணீரைக் குனிந்து பார்த்தார்.

"தொர, அப்ப தண்ணியும் வெட்டுதுங்களா?"

"ஆமா. தண்ணி வெட்டுறது."

அன்று சாயந்தரம் அவர் கரையில் தனியாக நின்று, தண்ணீரைப் பார்த்து மரியாதையாகத் தொப்பியைக் கழற்றினார் என்று வாட்ச்சர் சொன்னார். வெட்டு போக, தொப்பியைத் தொட்டிருப்பார்.

மரியாதை ஒரு நாளைக்குத்தான் நின்றது. மறுநாள் விடிந்ததும் அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. தான் ஊரையே வெட்டலாம், தன்னிடம் ஒருவர் வெட்டுவதா? அதுவும் கேவலம் தண்ணீர்! "விசிறி நூறு அடி தள்ளுதுன்னா போட்டு நூறு அடி போகணும் தம்பி. நடுவுல கொஞ்சத்தை எவன் திங்கிறான்?" என்று என்னிடம் வந்து நின்றார். நல்ல படகுக்கே நூற்றுக்குப் பத்துப் பதினைந்து வெட்டு இருக்கத்தான் செய்யும், அது இல்லாமல் விசிறி தள்ளவே முடியாது என்று மோட்டாரோடு வந்த புத்தகத்தில் போட்டிருந்தது. நான் படித்துக் காட்டினேன். "புத்தகம் எழுதினவன் கூடையோட நிறுத்திருப்பான்" என்று சொல்லிவிட்டார்.

அப்புறம் அவர் செய்த அட்டகாசங்களை எழுதினால் இந்தப் பத்திரிகை தாங்காது. தண்ணீருக்குள் செத்து நிற்கும் நிழல் மரங்களில் இடித்து விசிறியின் ஓரங்கள் பல்பல்லாய்ப் பெயர்ந்திருந்தன. அதனால் தண்ணீரைச் சரியாகப் பிடிக்கவில்லை என்று கண்டுபிடித்தார். கண்டுபிடித்தது சரிதான். உடனே தேயிலைச் செடியைக் கழிக்கும் கவ்வாத்துக் கத்தி தீட்டும் கல்லைக் கொண்டுவந்து உட்கார்ந்து தீட்ட ஆரம்பித்தார். தீட்டி முடித்து, கூர் பதமாக இருக்கிறதா என்று அந்த விசிறியாலேயே ஒரு தேயிலைக் கிளையை வெட்டிப் பார்த்தார். வெட்டியது. துரை பார்த்தால் மயக்கம் போட்டிருப்பார்.

அடுத்தது மோட்டாரின் உயரம். கீழே இருந்தால் இழுவை அதிகம், கொஞ்சம் தூக்கினால் ஓட்டம் கூடும் என்று புத்தகம் சொன்னது. இவர் ஒரு பலகையை வைத்துத் தூக்கினார். படகு ஓட்டம் கூடியது. சும்மா இருப்பாரா? இன்னொரு பலகை. அதற்கு மேல் ஒரு தேயிலைப் பெட்டி மூடி. மோட்டார் ஊரே கேட்கும்படி அலறியது, வட்டக் கண்ணாடியில் முள் தலைகீழாகப் போனது, படகு மட்டும் இருந்த இடத்தில் இருந்தது. "விசிறி தண்ணிய விட்டுட்டுக் காத்தைக் கடிக்குது தம்பி" என்று வருத்தமாகச் சொல்லிவிட்டுப் பெட்டி மூடியை எடுத்தார்.

அதன் பிறகு பாரம். எங்கே பாரம் இருந்தால் படகு நன்றாக எழும்பி ஓடும் என்று பார்ப்பதற்காக, தோட்டத்திலேயே கனமான ஆளாகிய தலைக் கங்காணியைப் பிடித்து ஏற்றினார். முன்னால் உட்கார வைத்தார். படகு மூக்கால் தண்ணீரை உழுதது. பின்னால் உட்கார வைத்தார். மூக்கு மேலே கிளம்பி, கங்காணிக்கு வானம் தவிர வேறொன்றும் தெரியவில்லை. "எங்க இருக்கோம்? ஹட்டன் வந்துருச்சா?" என்று அவர் கத்திக்கொண்டே போனது கரை வரைக்கும் கேட்டது. கடைசியில், தலைக் கங்காணியைக் கரையில் உட்கார வைத்தால் படகு மிகவும் நன்றாக ஓடுகிறது என்ற முடிவுக்கு வந்தார்.

இனி அளந்து பார்க்க வேண்டும். வட்டக் கண்ணாடியில் இத்தனை சுற்று, ஒரு சுற்றுக்கு விசிறி இத்தனை அங்குலம் தள்ள வேண்டும், பெருக்கினால் படகு போக வேண்டிய வேகம். அந்தக் கணக்கை நான் போட்டேன். உண்மையில் போகிற வேகத்துக்குத் தூரம் தெரிய வேண்டுமே? அதில் எங்களுக்கு ஒரு கஷ்டமும் இல்லை. பெரட்டுக்களத்திலிருந்து எதிர்க்கரை மாரியம்மன் கோயிலுக்கு ஒரு மைல். தோட்டத்தில் பிறந்த குழந்தைக்கும் தெரியும். கல்படி வழியாக வளைந்து வளைந்து இறங்கி, ஆற்றுப் பாலத்தைத் தாண்டி, மறுபடி வளைந்து வளைந்து ஏறினால் கோயில். எங்கள் பாட்டன் பூட்டன் எல்லாம் ஆடி மாதத்தில் காவடியோடு நடந்து, மூச்சு வாங்கி, ஒரு மைல் என்று முடிவு கட்டிய தூரம். இப்போது பள்ளம் நிரம்பி, இரண்டு முனையும் கரையோரமாகவே இருந்தன. படகு அலுங்காமல் நேரே போகலாம்.

துரை படகை ஓட்டினார். நான் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டேன். வந்து இறங்கியதும் ஆபீசில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். அழித்துவிட்டு மறுபடி போட்டேன்.

"வெட்டு எவ்வளவு தம்பி?" என்றார் கணக்கப்பிள்ளை.

"வெட்டு இல்லீங்க."

"இல்லியா?"

"இல்லீங்க. கூடுதுங்க. விசிறி நூறு அடி தள்ளினா போட்டு நூத்தி இருபது அடி போகுது."

கணக்கப்பிள்ளை நாற்காலியில் உட்கார்ந்தார். துரையின் நாற்காலி அது. துரையும் கவனிக்கவில்லை, அவரும் கவனிக்கவில்லை.

"தண்ணி நமக்குக் குடுக்குது தொர!" என்றார். "இத்தன வருசம் நான் வெட்டிக்கிட்டே இருந்தேன். இந்தத் தண்ணி மேல போட்டுக் குடுக்குது!"

படித்த துரை, எண்ணிப் பார்க்கத் தெரிந்த நான், யாருக்கும் எந்தச் சந்தேகமும் வரவில்லை. வாரா வாரம் தொப்பி நனைந்தவருக்கு இப்படி ஒரு செய்தி வந்தால் சந்தேகம் வருமா? துரை அன்றைக்கே கிளப்புக்குப் போய், உலகத்திலேயே ஸ்லிப்பு இல்லாத படகு தன்னிடம்தான் இருக்கிறது என்று மேசையைத் தட்டிச் சொன்னார். எதிர்க்கரைத் துரை சிரித்தார். இவருக்குக் கோபம் வந்தது. அடுத்த ஞாயிற்றுக்கிழமை போட்டி என்று முடிவாகிவிட்டது. பெரட்டுக்களத்துத் துறையிலிருந்து கிளம்பி, கோயிலைத் தொட்டுத் திரும்பி வர வேண்டும். ஓட்டுகிறவரோடு துணைக்கு ஓர் ஆள் இருக்க வேண்டும். எங்கள் படகில் அந்த ஆள் யார் என்று கேட்கவே வேண்டாம்.

கணக்கப்பிள்ளை இதோடு வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். சாயந்தரம் நிறுவைக்கு வந்தவர், சந்தோஷம் தாங்காமல் தராசைப் பிடித்துக்கொண்டே பெண்களிடம் அளந்துவிட ஆரம்பித்தார். திருகாணியைச் சொன்னார், விசிறியைச் சொன்னார், எல்லாரையும் வெட்டுகிற தண்ணீர் தன்னை மட்டும் வெட்டவில்லை என்றும் சொன்னார். சொல்லிக்கொண்டே செல்லாயியின் கூடையை மாட்டி, பழக்கத்தில் ரெண்டு ராத்தல் வெட்டினார்.

ராக்கம்மா இடுப்பில் கையை வைத்தாள்.

"ஏங்கய்யா, அம்புட்டுப் பெரிய ஏரித் தண்ணியே உங்க போட்டுக்கு வெட்டு இல்லேன்னு விட்டுருச்சு. எம் மவ கொழுந்துல ஒட்டிக்கிட்டு இருக்கிற தண்ணிக்கு நீங்க ஏன் வெட்டுறீங்க?"

பின்னால் நின்ற பெண்கள் ஒவ்வொருவராகக் கூடையைக் கீழே இறக்கி வைத்தார்கள். யாரும் நிறுக்க வரவில்லை. அறுபது எழுபது கூடை வரிசையாகத் தரையில் உட்கார்ந்து அவரையே பார்த்துக்கொண்டிருந்தது. தொழிற்சாலையில் கொழுந்தை வாட்டக் காத்துக்கொண்டிருக்கிறார்கள், பொழுது சாய்கிறது.

"அது வேற தண்ணி" என்றார்.

"எல்லாம் ஒரே மழைத் தண்ணிதாங்கய்யா."

கணக்கப்பிள்ளை தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டார். "சரி. ஞாயித்துக்கிழம நம்ம போட்டு ஜெயிச்சிருச்சுன்னா, தண்ணி வெட்டலேங்கிறது நெசம். அன்னியிலேருந்து இந்தத் தராசுல வெட்டு கெடையாது. தோத்துருச்சுன்னா வெட்டு வெட்டுதான். ஒருத்தரும் வாயத் தொறக்கப்படாது. சம்மதமா?"

"மாரியாத்தா மேல?"

"மாரியாத்தா மேல."

கூடைகள் எழுந்தன.

அந்த வாரம் எங்கள் தோட்டத்தில் நடந்த கூத்தை என்னவென்று சொல்வது! லயத்துப் பெண்கள் மோட்டாருக்குக் குங்குமம் வைத்தார்கள். விசிறிக்கு மஞ்சள் பூசினார்கள், அதைக் கழுவுவதற்கு எனக்கு அரை நாள் ஆனது. செல்லாயி தினமும் போய்ப் படகின் மூக்கைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு மலைக்கு ஏறினாள். தோட்டத்து மானம், துரையின் தொப்பி எல்லாம் ஒரு பக்கம் இருக்கட்டும். அந்தப் பிள்ளைக்கு முழுப் பேர் விழுமா விழாதா, அதுதான் எல்லாருக்கும் கவலை. கணக்கப்பிள்ளை மட்டும் மாப்பிள்ளை மாதிரி திரிந்தார்.

சனிக்கிழமை சாயந்தரம் கோயிலில் பூசை. படகு கட்டியிருந்த துறையில் நானும் அவரும் நின்று விசிறியைத் துடைத்துக்கொண்டிருந்தோம். காற்று இல்லை. எதிர்க்கரையிலிருந்து பூசாரி வாயில் கையைக் குவித்துக் கூப்பிட்டார்.

"கணக்கப்புள்ள அய்யோவ்! சுண்டல் ஆறுது! சீக்கிரம் வாங்க!"

"வாறோம்!" என்று கணக்கப்பிள்ளை கத்தினார். கத்தியவர் அப்படியே நின்றுவிட்டார். கையிலிருந்த துணி தண்ணீரில் விழுந்தது.

"தம்பி, கோயிலுக்கு எவ்வளவு தூரம்?"

"ஒரு மைல்."

"ஒரு மைலுக்கு அந்தாண்ட நின்னு சுண்டலுக்குக் கூப்பிட்டா கேக்குமா?"

நான் எதிர்க்கரையைப் பார்த்தேன். பூசாரியின் முகத்தில் திருநீறு தெரியாத குறைதான்.

"ஒரு மைலு நம்ம காலுக்குத் தம்பி" என்றார், ரொம்ப மெதுவாக. "எறங்கி, வளஞ்சு, ஏறின காலுக்கு. போட்டு எங்க எறங்குச்சு, எங்க ஏறுச்சு? நேரால்ல போச்சு!"

மலையிலேயே பிறந்து, சமதரை என்பதையே பெரட்டுக்களத்தில் மட்டும் பார்த்து வளர்ந்தவர்கள் நாங்கள். எங்களுக்குத் தூரம் என்றால் மூச்சு வாங்குவதுதான். பள்ளத்தைத் தண்ணீர் நிரப்பியபோது தூரத்தையும் சேர்த்துக் குறைத்துவிட்டது எங்கள் புத்திக்கு ஏறவே இல்லை. அப்படியானால் படகுக்கு வெட்டு உண்டு. எல்லாப் படகையும் போல, தாராளமாக உண்டு.

"தொரகிட்ட சொல்லிடலாமுங்களா?" என்றேன்.

"கிளப்புல மேசையத் தட்டிட்டு வந்த மனுசன்கிட்ட என்னத்தச் சொல்றது?" தண்ணீரில் மிதந்த துணியை எடுத்துப் பிழிந்தார். "தொரய விடு. அந்தச் செல்லாயிப் புள்ள தெனமும் இதத் தொட்டுக் கும்புட்டுட்டுப் போவுது தம்பி." அவர் ஒரு பெண்ணின் பெயரைச் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை. தராசடியில் எல்லாரும் அவருக்கு அடுத்த ஆள்தான்.

சுண்டலை அவர் தொடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை இரண்டு கரையிலும் திருவிழாக் கூட்டம். துரைமார் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்கள். வட்டவளைப் பக்கத்திலிருந்து வந்திருந்த ஒரு வயசான துரை நடுவர். ராக்கம்மா, செல்லாயி, கொழுந்து மலைப் பெண்கள் அத்தனை பேரும் கம்பளியைப் போர்த்திக்கொண்டு துறையோரம் நின்றார்கள். விசில் ஊதியதும் இரண்டு படகும் சீறிக் கிளம்பின. எங்கள் துரை குனிந்து ஓட்டினார். கணக்கப்பிள்ளை நடுவில் உட்கார்ந்து, மூக்கு எழும்பினால் முன்னால் நகர்ந்தும், உழுதால் பின்னால் நகர்ந்தும் பாரத்தைச் சரிசெய்துகொண்டே போனார். கவ்வாத்துக் கல் வேலை செய்திருந்தது என்றுதான் சொல்ல வேண்டும். எதிர்க்கரைப் படகுக்கு இணையாகவே போனது. கோயிலைத் தொட்டுத் திரும்பும்போது ஒரு படகு நீளம் பின்தங்கிவிட்டது. திரும்பி வர வர அந்த ஒரு நீளம் அப்படியே இருந்தது. குறையவில்லை.

வருகிற வழியில், துறைக்குச் சற்றுத் தள்ளி, தண்ணீருக்கடியில் ஒரு தட்டைப் பாறை உண்டு. ஏழாம் நம்பர் மலையில் கணக்கப்பிள்ளை தராசு கட்டிக் கொழுந்து நிறுத்த பாறை அது. படகு இடிக்காமலிருக்க அங்கே ஒரு மூங்கிலை நட்டுச் சிவப்புத் துணி கட்டியிருந்தோம். அந்தத் துணியை நெருங்கும்போது கணக்கப்பிள்ளை தொப்பியைக் கழற்றிப் பலகையில் வைத்தார். எழுந்து நின்றார்.

"உக்காரு! உக்காரு மேன்!" என்று துரை அலறியது கரைக்குக் கேட்டது.

கணக்கப்பிள்ளை உட்காரவில்லை. கோட்டோடு, பூட்ஸோடு, தண்ணீரில் குதித்துவிட்டார்.

பெண்கள் எல்லாரும் ஒரே குரலாக "ஆத்தாடி!" என்றார்கள். பாரம் இறங்கிய படகு ஒரு துள்ளுத் துள்ளியது. தண்ணீரைத் தொட்டும் தொடாமலும் பறந்தது. எதிர்க்கரைத் துரை திரும்பிப் பார்த்து வாயைத் திறந்தார், அந்த வாய் நிறைய எங்கள் துரை தண்ணீரை வாரி ஊற்றிவிட்டுத் துறைக்கு முதலாக வந்து சேர்ந்தார். ஆனால் வந்தவரை யாரும் பார்க்கவில்லை. எல்லாரும் தண்ணீரின் நடுவையே பார்த்துக்கொண்டிருந்தோம். முதலில் கொஞ்சம் குமிழி வந்தது. அப்புறம் கணக்கப்பிள்ளையின் தலை வந்தது, கழுத்து வந்தது, மார்பு வந்தது. பாறை மேல் ஏறி, மூங்கிலைக் கட்டிப் பிடித்துக்கொண்டு நின்றார். ஏரி நடுவில் யாரோ நிறுவைக்கு நிற்கிற மாதிரியே இருந்தது.

நடுவர் துரை எழுந்தார். "போனது ரெண்டு ஆள். வந்தது ஒரு ஆள். செல்லாது" என்றார். எங்கள் துரை கத்திப் பார்த்தார், தொப்பியைத் தரையில் வீசிப் பார்த்தார். நடுவர் அசையவில்லை. போட்டி எதிர்க்கரைக்குப் போய்விட்டது.

கணக்கப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்தபோது பல் கிடுகிடுவென்று அடித்தது. ராக்கம்மா தன் கம்பளியை எடுத்து அவர் மேல் போட்டாள். "ஏங்கய்யா இப்படிப் பண்ணுனீங்க?" என்று கேட்டாள். அவர் தும்மினார். அதுதான் பதில். செல்லாயி மட்டும் கூட்டத்துக்கு வெளியே, முகத்தைத் திருப்பிக்கொண்டு போய்விட்டாள். தோற்றால் வெட்டு வெட்டுதான். மாரியாத்தா மேல் சத்தியம்.

மறுநாள் சாயந்தரம் நிறுவை. கணக்கப்பிள்ளை மூக்குச் சிவக்க, ராக்கம்மாவின் கம்பளியைக் கோட்டின் மேல் போர்த்திக்கொண்டு வந்து தராசைப் பிடித்தார். பெண்கள் வாயைத் திறக்காமல் வரிசையில் நின்றார்கள். துரையும் வந்து ஓரமாக நின்றார். செல்லாயி கூடையை மாட்டினாள். முள் அளவைத் தொட்டு நின்றது. நான் பேனாவை வைத்துக்கொண்டு காத்திருந்தேன்.

கணக்கப்பிள்ளை முள் காட்டியதை அப்படியே, முழுசாகக் கத்தினார்.

செல்லாயிக்கே விளங்கவில்லை. "தோத்துட்டோமேங்கய்யா" என்றாள்.

"அதுக்கென்ன?"

"வெட்டு?"

கணக்கப்பிள்ளை தும்மினார். மூக்கைத் துடைத்துக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார்: "நேத்து ஏரிக்கு நடுவுல, ஒரே தடவையில நூத்தி நாப்பது ராத்தல் ஆளையே வெட்டியாச்சு. மொத்தத் தோட்டத்துக்கும் சேத்து. இனிமே இங்க யாருக்கும் வெட்டு பாக்கி இல்ல. தள்ளு, அடுத்த ஆளு!"

நான் துரையைப் பார்த்தேன். துரை கணக்கப்பிள்ளையைப் பார்த்தார், போர்த்தியிருந்த கம்பளியைப் பார்த்தார். "நீ போயி சூடா டீ குடி" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பங்களாவுக்கு நடந்தார்.

அவர் கையில் தராசு இருந்த வரைக்கும் பூனைமலைத் தோட்டத்தில் வெட்டு விழவில்லை. அவருக்குப் பின்னால் வந்தவர் மறுபடி ஆரம்பித்தார், அது வேறு வயிற்றெரிச்சல். நான் சொல்ல வந்தது அன்றைய சாயந்தரத்தை. செல்லாயியின் பெயருக்கு நேரே முழுப் பேர் என்று நான் எழுதினேன். எழுதி முடிக்கும் வரை அந்த மனுஷர் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டே நின்றார். அவரை எனக்கு நிஜமாகவே பிடித்துப்போனது அப்போதுதான். இன்றைக்கும் பிடித்திருக்கிறது.